கடல் பக்கத்து கோல்

எங்கள் மைதானம் சரிவு.
மேட்டு மூலைக்கும் பள்ளத்து மூலைக்கும்
ஓர் ஆள் உயரம் வித்தியாசம்.
பள்ளத்து முனையில் கோல் கம்பம்,
அதன் பின்னால் தாழ்ந்த சுவர்,
சுவருக்குப் பின்னால் கடல்.

ஆல்ட்மவுத் டவுன், 1896.
இறால் பிடிப்பவர்கள் ஒன்பது பேர்,
ஒரு பல் டாக்டர்,
பாதிரியாரின் மகன் ஒருவன்.
அவன் உப்புக்குச் சப்பாணிதான்;
ஆனால் பந்து அவனுடையது.

கணக்குப் பேரேடு அன்றிலிருந்தே இருக்கிறது.
முதல் செலவு:
'கடலிலிருந்து பந்து எடுக்க,
ஈனாக் டிரஸ்கட், படகோடு, மூன்று பென்னி.'
அதே நாள், அடுத்த வரி:
'ஈனாக், மறுபடியும். ஓதம் அதிகம். ஆறு பென்னி.'

1917இல் ஆண்கள் பிரான்ஸ் சேற்றில் இருந்தார்கள்.
மீன் டப்பா தொழிற்சாலைப் பெண்கள்
தலையில் துணி கட்டி இறங்கினார்கள்.
நாலாயிரம் பேர் பார்க்க,
ஐவி ராட்காக் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்.
அந்த மூன்று வருடம் பேரேட்டில் லாபம்.
ஆண்களில் பாதிப்பேர் திரும்பிவந்த பிறகு
ஐவியின் பெயர் ஒரே ஓர் இடத்தில் வருகிறது:
'ஜெர்சி துவைத்த கூலி.'

1934ஐச் சொல்லாமல் இந்த ஊரில் யாரும்
பீர் கோப்பையைக் கீழே வைப்பதில்லை.
கோப்பைப் போட்டி, மூன்றாம் சுற்று.
பெரிய நகரத்து அணி தனி ரயிலில் வந்தது,
தலை வாரிக்கொண்டு.
எண்பத்திரண்டாவது நிமிடம் வரை
ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் முன்னால்.
அவர்கள் அடித்ததையெல்லாம் காற்று
அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.
அப்புறம் காற்று நின்றது.
நூறு வருடத்தில் ஒரே ஒருமுறை
ஆல்ட்மவுத்தில் காற்று நின்றது.
ஒன்றுக்கு மூன்று.
கோல்கீப்பர் பெர்சிவல் ஓட்ஸ்
சாகும்வரை கொடிக்கம்பத்தைப் பார்க்காமல்
தெருவைக் கடந்ததில்லை.

பிறகு விடுமுறைக்காரர்களுக்கு ஸ்பெயின் கிடைத்தது.
தங்கும் விடுதிகளில் திரைச்சீலை மட்டும் தங்கியது.
சேர்மன் கிளிஃபர்ட் வேன்
சூதாட்ட மெஷின் கடைக்காரர்.
சம்பளம் இரண்டு பென்னி நாணயங்களாக,
துணிப்பையில்.
எங்கள் லெஃப்ட் பேக் வீடு திரும்புவது
மூன்று தெருவுக்குக் கேட்கும்.
ஒவ்வொரு டிவிஷனாக இறங்கினோம்.
கடலோரத்தில் பிறந்த கிளப்,
கரையேறவே இல்லை.

கடைசி ஆட்டம், 1991 ஏப்ரல், மழை.
டிக்கெட் கிழித்தது நான்தான்:
எண்பத்து மூன்று பேர்.
ஒரு நாய், இலவசம்.
பில் கட்டாததால் விளக்கு இல்லை.
ஒன்றுக்கு ஒன்று என்றிருந்தபோது
எழுபத்தொன்றாவது நிமிடத்தில்
எங்கள் சென்டர் ஹாஃப், பள்ளிக்கூடத்துப் பையன்,
பந்தைச் சுவருக்கு மேல் தூக்கினான்.
எல்லோரும் கடலைப் பார்த்தோம்.
வேறு பந்து வாங்கக் காசில்லை.
படகும் இல்லை;
ஈனாக்கின் வம்சத்தார் டாக்சி ஓட்டுகிறார்கள்.
ரெஃபரி காத்திருந்தார், கடிகாரத்தைத் துடைத்தார்,
நனைந்த தாளில் எழுதினார்:
'பந்து இல்லாததால் ஆட்டம் நிறுத்தப்பட்டது.'

நிறுத்தப்பட்டது என்றுதான் எழுதினார்.
முடிந்தது என்று எழுதவில்லை.

இப்போது அங்கே கேரவன் வண்டிகள்.
மேட்டு கோலை யாரோ பழைய இரும்புக்குப் போட்டார்கள்.
கடல் பக்கத்தில் ஒரு கம்பம் மிச்சம்,
அதில் துண்டு காய்கிறது,
காயாமலும் கிடக்கிறது.

கிளப்பைக் கலைக்க வந்த கணக்காளர்
இளம்வயது, நல்ல ஷூ.
'சொத்து ஏதாவது, மிஸ் கிரிம்வுட்?' என்றார்.
கார்னர் கொடி மூன்று என்றேன்.
தேநீர்ப் பாத்திரம், ஓட்டையோடு.
'கடன்?'
பக்கம் பக்கமாகக் காட்டினேன்.
'உங்களுக்கு யாராவது தரவேண்டியது?'

பேரேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.
வரவேண்டியவை என்ற தலைப்பின் கீழே,
தொண்ணூற்றைந்து வருடத்தின் கடைசி வரியாக,
மை கொட்டாமல் நிதானமாக எழுதினேன்:

பந்து, ஒன்று.
கடலிடமிருந்து.